பிரசவ நேரத்தில் எந்தக் குழந்தைக்கு ஆக்சிஜன் குறையும் என்று முன்பே சொல்ல முடியுமா?

கேட்டவர் தன் தங்கைக்கு ஒன்பதாம் மாதம் என்றும், சொந்தத்தில் ஒரு குழந்தை பிறந்ததும் அழாமல் போய், இன்றுவரை நடக்காமல் இருப்பதால் பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். ஈரோடு பக்கம் பிரசவ அறையில் இருபது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முழுசாக முடியாது. ரத்த அழுத்தம், சர்க்கரை, வயிற்றில் வளர்ச்சி குறைந்த குழந்தை, நாள் தள்ளிப்போனது, முன்பு சிசேரியன் ஆனது, இவர்களைச் செக்கப்பிலேயே தனியாகக் குறித்துக்கொள்வோம். ஆனால் திணறிப் பிறக்கிற குழந்தைகளில் நிறையப் பேருக்கு இதில் எதுவுமே இருப்பதில்லை. பனிக்குடம் உடையும்போது தொப்புள்கொடி குழந்தைக்கு முன்னால் நழுவி வந்துவிடும். கொடி வழியாகக் குழந்தைக்கு ஆக்சிஜன் அனுப்புகிற நஞ்சு, கர்ப்பப்பையில் இருந்து திடீரென்று பிரிந்துவிடும். முந்தின நாள் ஸ்கேனில் அது தெரியாது. ஸ்கேனில் 'கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது' என்று பார்த்துவிட்டு ஆபரேஷன் கேட்டு வருகிறவர்கள் அதிகம். நாலைந்து குழந்தைகளில் ஒன்றுக்கு அப்படித்தான் இருக்கும், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

அதனால் வலி வந்தபிறகு கவனிப்பதுதான் முக்கியம். ஒவ்வொரு வலிக்கும் கர்ப்பப்பை இறுகும்போது நஞ்சுக்குப் போகிற ரத்தம் குறையும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கிணற்றில் முங்கி எழுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே மாதிரிதான். தெம்புள்ள குழந்தை வலி விட்டதும் சுதாரித்துக்கொள்ளும். தெம்பு குறைந்த குழந்தைக்கு வலி விட்டபிறகும் துடிப்பு இறங்கியே கிடக்கும். அதனால்தான் வலி ஓய்ந்ததும் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கிற டாப்ளர் கருவியை வயிற்றில் வைத்து ஒரு நிமிடம் முழுசாக எண்ண வேண்டும். துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்கலாம். வலி நன்றாகப் பிடித்தபிறகு 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கும்போது 5 நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி எண்ண வேண்டும்.

'வலி வரவைக்கிற ஊசியைக் கூட்டிப் போட்டுச் சீக்கிரம் முடிச்சு விடுங்க சிஸ்டர்' என்று வீட்டார் கெஞ்சுவார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். பத்து நிமிடத்தில் ஐந்து வலிக்கு மேல் போனால் குழந்தை மூச்சு வாங்க நேரமே இருக்காது.

மெஷினை மாட்டிவிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். குழந்தையின் துடிப்பையும் வலியையும் தாளில் பதிகிற சி.டி.ஜி. மெஷினைத் தொடர்ந்து வைத்துப் பார்த்த ஆய்வுகளில் பிறந்த குழந்தைக்கு வலிப்பு வருவது பாதியாகக் குறைந்தது. ஆனால் மூளை பாதித்துக் கைகால் அசைவு கெடுகிற மூளைவாதம் குறையவில்லை, சிசேரியன் கூடியது. நன்றாக இருக்கிற குழந்தைக்கும் அது பல நேரம் பயம் காட்டும்.

ஒரு பெண் வந்தாள், சிவகிரிப் பக்கம், முதல் பிரசவம், ரிப்போர்ட் எல்லாம் நார்மல். வலியே இல்லை. "நேத்துச் சாயங்காலத்துல இருந்து அசைவு கம்மியா இருக்குதுங்க. மாசமாயிட்டா இடம் பத்தாம அப்படித்தான் இருக்கும்னு அம்முச்சி சொன்னாங்க. எனக்கு மனசு கேக்கலைங்க சிஸ்டர்" என்றாள். வைத்துப் பார்த்தால் துடிப்பு 140. சரி என்று எடுக்கப் போகையில் வயிறு லேசாக இறுகியது. இறுக்கம் விட்டபிறகு 90க்கு இறங்கி, மேலே வரவே மாட்டேன் என்றது. இடதுபக்கம் திருப்பிப் படுக்கவைத்து டாக்டரைக் கூப்பிட்டேன். உடனே ஆபரேஷன். பனிக்குட நீர் பச்சையாக இருந்தது, குழந்தை துவண்டு கிடந்தது. துடைத்து முதுகைத் தேய்த்தோம், மூச்சு இல்லை. முதல் நிமிடம் முடியும்முன் முகத்தில் மாஸ்க் வைத்துப் பையை அழுத்த ஆரம்பித்தோம். கொஞ்ச நேரத்தில் ஈனமாக ஒரு சத்தம், அப்புறம் அழுகை. ஒன்பதாம் மாத ஊசிக்கு வந்தபோது அந்தப் பையன் என் நாற்காலிக் காலைப் பிடித்து எழுந்து நின்றான்.

மாதம் ஆகிவிட்டால் அசைவு குறையும் என்பது தப்பு. குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே வரச் சொல்லுங்கள். பனிக்குட நீர் பச்சையாகவோ ரத்தமாகவோ போனாலும் அப்படியே 108ஐக் கூப்பிடுங்கள். பிரசவம் பார்க்கப் போகிற இடத்தில் ராத்திரியிலும் சிசேரியன் செய்ய ஆள் உண்டா, குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கத் தெரிந்தவர் பக்கத்திலேயே இருப்பாரா என்று இந்த வாரமே போய்க் கேட்டுவிடுங்கள்.