நலவாரியப் பணத்துக்கு ‘செலவு’ கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவர் கொத்தனார். கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை வைத்திருந்தார். ஐந்து மாதத்துக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார். நான் சித்தாள் வேலைக்குப் போய் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறேன். இயற்கை மரண உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். ஆபீஸ் வாசலில் இருக்கும் ஒருவர், “3,000 ரூபாய் செலவாகும், உள்ளே கவனிச்சாத்தான் ஃபைல் நகரும்” என்றார். நாலு நாளைக்கு முன் 1,000 கொடுத்துவிட்டேன். மீதியைக் கேட்டு போன் செய்துகொண்டே இருக்கிறார். கொடுக்கலாமா? புகார் செய்தால் வர வேண்டிய பணமும் வராமல் போய்விடுமா ஐயா?
– வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: அம்மா, மீதி 2,000-ஐக் கொடுக்காதீர்கள். கடிதம் கிடைத்த அன்றே போனில் உங்களிடம் சொன்னதைத்தான், மற்றவர்களுக்கும் பயன்படும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது ‘நாலு நாளைக்கு முன்’ என்ற வார்த்தைகள்தான். ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-ல் திருத்தினார்கள். அதன்படி லஞ்சம் வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். அதிகாரிக்குப் போய்ச் சேரட்டும் என்று இடைத்தரகர் கையில் கொடுத்தாலும் குற்றம்தான். ஆனால் வேறு வழியில்லாமல் கொடுத்தவர், கொடுத்த நாளிலிருந்து 7 நாளுக்குள் போலீசிடமோ விசாரணை அமைப்பிடமோ தெரிவித்துவிட்டால் அவர்மேல் குற்றம் வராது. உங்களுக்கு மூன்று நாள்தான் மிச்சம் இருந்தது. அதனால்தான் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் லஞ்ச ஒழிப்புப் போலீசுக்குப் போங்கள் என்றேன். கட்டணமில்லாத எண் 1064. மாவட்ட அலுவலகத்துக்கு நேரில் போய் எழுதிக் கொடுப்பது இன்னும் நல்லது. முன்னால் கொடுத்த 1,000-ஐ மறைக்காமல் தேதியோடு எழுதுங்கள். அதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

“அந்த ஆள் அரசு ஊழியரே இல்லையே” என்று கேட்டீர்கள். பரவாயில்லை. அரசு ஊழியரைத் தவறான வழியில் சரிக்கட்டித் தருகிறேன் என்று பணம் வாங்கும் வெளியாளுக்கும் அதே சட்டத்தில் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு. உள்ளே யாருக்காவது பங்கு போகிறதா, இல்லை உங்கள் பயத்தை மட்டும் காசாக்குகிறாரா என்பது விசாரணையில் தெரியட்டும். இரண்டாவது வகை ஆட்களும் நிறைய உண்டு. தானாக நகரும் ஃபைலுக்குத் தான் தள்ளிவிட்டதாகக் கூலி வாங்கிக்கொள்வார்கள்.

அவர் மறுபடி போன் செய்தால் சண்டை போடாதீர்கள். எதற்கு, யாருக்கு, எவ்வளவு என்று அவரையே பேச விடுங்கள், பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவை அதே போனில் அழிக்காமல் வையுங்கள். இந்த வழக்குகளுக்கு உயிரே ‘கேட்டார்’ என்பதற்கான ஆதாரம்தான். கையில் நோட்டு இருந்தது என்பது மட்டும் போதாது. பேப்பரில் ‘ரசாயனம் தடவிய நோட்டு’ என்று படித்திருப்பீர்கள். நோட்டில் பினாப்தலீன் பொடி தடவியிருப்பார்கள். அதை வாங்கிய கையைச் சோடா கரைசலில் நனைத்தால் கரைசல் இளஞ்சிவப்பாகும். அதெல்லாம் போலீஸ் வேலை, நீங்களாக எதுவும் ஏற்பாடு செய்ய வேண்டாம்.

சரி, பணம் வராமல் போய்விடுமா? பயம் நியாயமானதுதான். தகுதி இருக்கிறவர் விண்ணப்பத்தை, புகார் செய்தார் என்பதற்காக நிராகரிக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் இழுத்தடிக்க முடியும், ஏனென்றால் ஃபைல் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அந்த ஆளுக்கு இருக்கும் ஒரே பலம் இதுதான். அதைப் பிடுங்க 10 ரூபாய் போதும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். ‘ஏன் தாமதம்’ என்று கேட்காதீர்கள், அதற்குச் சுற்றி வளைத்துப் பதில் வரும். ஆவணத்தில் இருப்பதைக் கேளுங்கள்: என் விண்ணப்பம் எந்தத் தேதியில் வந்தது, பதிவு எண் என்ன, இன்றுவரை எந்தெந்தப் பதவியில் உள்ளவரிடம் எத்தனை நாள் இருந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது, கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. ஆனால் அந்தப் பதிலை எழுத யாராவது ஒருவர் உங்கள் ஃபைலைக் கையில் எடுத்தாக வேண்டும் இல்லையா? பதில் வருவதற்கு முன்பே பணம் வந்துவிட்ட கதைகள் உண்டு.

இந்தச் சட்டம் உருவான கதையில் உங்களைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். 1990-களில் ராஜஸ்தான் கிராமங்களில் கூலி வேலை செய்தவர்கள், கணக்கில் எழுதிய கூலி வேறு, கைக்கு வந்தது வேறு என்று கண்டார்கள். வருகைப் பதிவேட்டைக் காட்டு என்று கேட்டுப் போராடினார்கள். ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்பது அவர்கள் போட்ட கோஷம். 2005-ல் தகவல் உரிமைச் சட்டம் வந்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தக் கோஷம் உங்களுக்கு அப்படியே பொருந்தும். நலவாரியப் பணம் யாரும் போடும் பிச்சை இல்லை. கட்டடம் கட்டுகிறவர்களிடம் கட்டுமானச் செலவில் 1 சதவீதம் வசூலிப்பதே தொழிலாளர்களுக்குக் கொடுக்கத்தான். நாடு முழுக்க அப்படிச் சேர்ந்தது 37,400 கோடி ரூபாய்க்கு மேல், செலவானது சுமார் 9,500 கோடிதான் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே வருத்தப்பட்டது. உங்கள் கணவர் சாரத்தில் நின்று எழுப்பிய சுவர்களின் பேரிலும் இந்த வசூல் நடந்திருக்கும்.

இடையில் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். சங்கத்தில் இருந்தால் ஒருவரைத் துணைக்குக் கூப்பிடுங்கள். (‘சங்கச் செலவு’ என்று பங்கு கேட்டால், ரசீது கொடுக்கச் சொல்லுங்கள். இ-சேவை மையக் கட்டணத்துக்கும் அப்படித்தான்.)

போவதற்கு முன் அட்டையை ஒருமுறை பாருங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது அது. அவர் இறந்த தேதியில் நடப்பில் இருந்ததா, நியமனதாரர் இடத்தில் உங்கள் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று சரிபாருங்கள். உண்மையான குறை ஏதாவது இருந்தால் இங்கேதான் இருக்கும். அப்படி இருக்கிறது என்று வாயால் சொன்னால் விடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.