48 வயதில் மறுபடியும் காஷ்மீர் டு கன்னியாகுமரியா?

கேள்வி: நாகர்கோவிலில் வசிக்கிறேன், வயது 48. கல்லூரிக் காலத்தில் பல்கலைக்கழக சைக்கிள் போட்டியில் சாம்பியன். 26 வயதில் ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை சைக்கிளில் வந்திருக்கிறேன். அப்புறம் வேலை, குடும்பம் என்று ஆகிவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் 50 கிலோமீட்டர் போல ஓட்டுகிறேன். பழைய கூட்டாளிகள் வரும் நவம்பரில் அதே பயணத்தை 23 நாளில் முடிக்கலாம் என்று கூப்பிடுகிறார்கள். இரண்டு வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். மனைவிக்குத் துளியும் சம்மதமில்லை. போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் இந்த நவம்பரில் வேண்டாம், 23 நாள் கணக்கிலும் வேண்டாம்.

முதலில் அந்த 23 நாளைப் பார்ப்போம். ஸ்ரீநகரிலிருந்து குமரிமுனை சுமார் 3,700 கிலோமீட்டர். இரண்டு நாள் ஓய்வு போக மீதி 21 நாளில் முடிக்க வேண்டுமென்றால் நாளொன்றுக்கு 175 கிலோமீட்டருக்கு மேல் மிதிக்க வேண்டும். பிரான்சில் நடக்கும் உலகப் புகழ்பெற்ற சைக்கிள் போட்டியான டூர் டி பிரான்ஸும் 21 கட்டம் (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்), இரண்டு ஓய்வு நாள்தான். மொத்த தூரம் 3,400 கிலோமீட்டர் அளவில் வரும். உங்கள் கூட்டாளிகள் தெரிந்தோ தெரியாமலோ அதைவிட நீளமான ஒன்றுக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள். அந்தப் போட்டிக்காரர்களைப் போல நீங்கள் பறக்கப் போவதில்லை, ஆல்ப்ஸ் மலை ஏறப் போவதுமில்லை, சரி. ஆனால் அங்கே ஓட்டுபவருக்கு மாலையில் கால் பிடித்துவிட ஆள் இருக்கிறது, சமையல்காரர் இருக்கிறார், சைக்கிளைத் துடைத்து வைக்க மெக்கானிக் இருக்கிறார். நீங்கள் லாட்ஜில் ரூம் போட்டு, துணியை அலசிக் காயப்போட்டுவிட்டுத்தான் சாப்பாட்டுக்கே போவீர்கள்.

இனி உங்கள் உடம்பு. பயிற்சியை விட்டவர்களுக்கு முப்பதைத் தாண்டியபின் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் பத்து வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் குறைகிறது. விடாமல் பயிற்சி செய்பவர்களுக்கு இந்தச் சரிவு ஏறக்குறைய பாதியாக இருக்கும். நீங்கள் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறீர்கள். ஆனால் மிதிக்கும் லாவகம், கூட்டத்தில் ஓட்டும் பழக்கம், எதிர்காற்றில் குனிந்து முன்னவர் பின்னால் ஒட்டிக்கொள்ளும் சாமர்த்தியம் எல்லாம் அப்படியே இருக்கும். பழைய சாம்பியனுக்கு ஆபத்து இதில்தான் இருக்கிறது. புதிதாக ஓட்ட வருபவர் பயத்தில் மெதுவாகப் போவார். உங்களுக்கு முதல் நாள் கால் நன்றாகப் பேசும், முன்னால் ஒரு சக்கரம் தெரிந்தால் மனது கேட்காது. அந்த வேகத்துக்கான கணக்கை நாலாம் நாள் காலையில் உடம்பு கேட்கும். வயது ஏறும்போது அடிவாங்குவது ஒருநாள் வேகம் மட்டுமில்லை. ஓட்டி முடித்த தசை ராத்திரிக்குள் சரியாகி மறுநாளுக்குத் தயாராகும் திறனும்தான்.

உலக சாம்பியன்களின் கதையிலும் இதைப் பார்க்கலாம். ஸ்பெயினின் மிகேல் இந்துராயின் 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை டூர் டி பிரான்ஸ் வென்றவர். 1996-இல் அதே போட்டியில் 11-வது இடம்தான் கிடைத்தது. அடுத்த சில வாரங்களில் அட்லாண்டா ஒலிம்பிக்கில், ஒவ்வொருவராகத் தனியே ஓட்டி நேரம் பார்க்கும் தனிநபர் நேர ஓட்டத்தில் தங்கம் வாங்கினார். அதாவது ஒரே நாளில் முடியும் அந்த நேர ஓட்டத்தில் அப்போதும் அவரை அசைக்க ஆளில்லை. அந்த வருடமே இன்னொரு மூன்று வாரப் போட்டியான ஸ்பெயின் சுற்றில், அவருக்கு மனமில்லாமலே, குழுவின் வற்புறுத்தலால் இறங்கினார். கோவடோங்கா மலை ஏற்ற நாளில் பின்தங்கினார். போகிற வழியில் குழு தங்கியிருந்த விடுதி வந்ததும் சைக்கிளை ஓரங்கட்டி இறங்கிவிட்டார். 1997 ஜனவரியில் ஓய்வை அறிவித்தார்.

இதற்கு நேர்மாறாக பிரிட்டன் வீரர் மார்க் கேவண்டிஷ். 2023 டூரில் விழுந்து காறை எலும்பு முறிந்து வெளியேறியவர், அந்த ஆண்டோடு ஓய்வு என்று சொல்லியிருந்ததை மாற்றிக்கொண்டு, 2024-இல் 39 வயதில் திரும்பி வந்து டூரில் தன் 35-வது கட்ட வெற்றியைப் பெற்றார். பெல்ஜியத்தின் பழைய சாம்பியன் எடி மெர்க்ஸின் 34 கட்ட வெற்றி என்ற சாதனை அன்றைக்கு உடைந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2024-இல் அவர் முழுப் போட்டியையும் ஜெயிக்க வரவில்லை. மலைகளில் கடைசிக் கூட்டத்தோடு, நேரக்கெடுவுக்குள் வந்து சேர்ந்தால் போதும் என்று ஓட்டினார். தனக்கு எது இன்னும் முடியும் என்று தெரிந்து, அதற்கு மட்டும் வந்தார். உங்களிடம் நான் கேட்பதும் அதுதான். 26 வயது ஆளை மறுபடி பார்க்கப் போகிறீர்களா, 48 வயதில் இந்த நாட்டைக் குறுக்காகப் பார்க்கப் போகிறீர்களா? முதலாவது என்றால் தயவுசெய்து போகாதீர்கள்.

இரண்டாவது என்றால் 35 நாள் எடுங்கள். 30 நாள் ஓட்டம், 5 நாள் ஓய்வு. நாளுக்கு 120 கிலோமீட்டர் சொச்சம் வரும்.

அதற்கு முன்னால் இதய மருத்துவர். இசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்), டிஎம்டி (டிரெட்மில்லில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் சோதனை) மூன்றும் பாருங்கள். நீண்ட காலம் கடுமையாக ஓட்டியவர்களில் சிலருக்கு நடுவயதில் இதயத் துடிப்பு தாளம் தப்பும் கோளாறு வருகிறது, அதையும் கேளுங்கள். என்ன பிரஷர் மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை, அது முக்கியம். துடிப்பைக் குறைக்கும் வகை என்றால் கையில் கட்டியிருக்கும் வாட்ச் காட்டும் எண்ணை நம்பி ஓட்ட முடியாது. சிறுநீரை அதிகமாக்கும் வகை என்றால் வெயிலில் உடம்பு சீக்கிரம் வறண்டுவிடும். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: முட்டி வலிக்கிறது என்று வழியில் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் நெடும்பயணம் போகிறவர்களிடம் நிறைய உண்டு. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரை, பிரஷர் மாத்திரை, வறண்ட உடம்பு, இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் கெடும். மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம். பயணத் திட்டத்தை மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லுகிறபடி செய்யுங்கள்.

மருத்துவர் சரி என்றால் நான்கு மாதம் பயிற்சி. வாரத்தில் நான்கு நாள் ஓட்டம், இரண்டு நாள் வீட்டிலேயே கால், இடுப்புக்கான பயிற்சி. அப்புறம்தான் பரீட்சை, அதற்கு நம் மாவட்டமே போதும். முதல் நாள் ஆரல்வாய்மொழி வழியாக நாங்குநேரி தாண்டிப் போய்த் திரும்புங்கள். முப்பந்தல் காற்றாலைப் பக்கம் காற்று எப்படி ஆளைச் சாய்க்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் நாள் தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம், பேச்சிப்பாறை. ரப்பர் தோட்டத்து ஏற்ற இறக்கம் தொடையைச் சோதிக்கும். மூன்றாம் நாள் மணக்குடி, முட்டம், குளச்சல் என்று கடற்கரைச் சாலை. மூன்று நாளும் 120 கிலோமீட்டர் வருகிற மாதிரி சுற்றிக்கொள்ளுங்கள்.

நாலாம் நாள் காலையில் படுக்கையை விட்டு எழும் முன் நாடித் துடிப்பை எண்ணுங்கள். வழக்கத்தைவிட எட்டு, பத்து கூடுதலாக இருந்தாலோ, மாடிப்படி ஏறும்போது கால் கனத்தாலோ, ராத்திரி தூக்கம் சரியாக வராமல் இருந்தாலோ, உடம்பு இன்னும் தேறவில்லை என்று அர்த்தம். துடிப்பைக் குறைக்கும் மாத்திரை என்றால் எண்ணிக்கையை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் பாருங்கள். கையையும் பாருங்கள். சட்டைப் பட்டனைப் போடும்போது சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போய் பட்டன் நழுவினால், உள்ளங்கை நரம்பு ஹேண்டிலில் நசுங்கியிருக்கிறது. ஹேண்டிலைக் கொஞ்சம் உயர்த்தி, கையுறை மாற்றி, அடிக்கடி பிடியை மாற்றி ஓட்டினால் சரியாகிவிடும். அப்படியே 30 நாள் ஓட்டினால் மாதக்கணக்கில் மரத்துக் கிடக்கும்.

சாப்பாட்டுக்குப் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு பெரிய ஏத்தம்பழத்தில் ஏறத்தாழ 40 கிராம் கிடைக்கும். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிக்காதீர்கள், ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும். உப்பை எவ்வளவு சேர்ப்பது என்று பிரஷருக்காக மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நம் வயதில் தசை தேற புரதம் கூடுதலாக வேண்டும். கஞ்சியும் பயறும் நல்ல சாப்பாடு, அதோடு மீனோ முட்டையோ இரண்டு வேளையாவது இருக்கட்டும்.

மனைவி விஷயம். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று உட்கார்ந்து கேளுங்கள். இதயமா, லாரியா? லாரி என்றால் அவர் பயம் நியாயமானது, என் கவலையும் அதுதான். நான்குவழிச் சாலையில் எதிர்த்திசையில் வரும் பைக்கும், தூக்கக் கலக்கத்தில் வரும் கனரக வண்டியும் மலை ஏற்றத்தைவிட மோசம். இருட்டும் முன் இறங்கிவிடுவது, பகலிலும் பின்விளக்கு எரிவது, ஹேண்டிலில் கண்ணாடி, இந்த மூன்றிலும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுங்கள். டிசம்பர், ஜனவரியில் பஞ்சாப், ஹரியானா பக்கம் மூடுபனி கண்ணை மறைக்கும், அந்த மாதங்கள் வேண்டவே வேண்டாம். அடுத்த செப்டம்பர் கடைசியில் புறப்படுவது நல்லது. தமிழ்நாட்டுக்குள் வரும்போது வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்கும், நனைவீர்கள். ஆனால் காற்று முகத்தில் அடிக்காது.

கூட்டாளிகளிடம் இப்போதே பேசிவிடுங்கள். 35 நாளுக்கு ஒத்துக்கொண்டால், வரும் பிப்ரவரியில் எல்லோருமாக பெங்களூரிலிருந்து ஓசூர், சேலம், திண்டுக்கல், மதுரை, நெல்லை வழியாகக் குமரி வரை ஆறு நாளில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். யார் யாரை இழுக்கிறார்கள், யார் காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். 23 நாள்தான் என்று அவர்கள் பிடிவாதமாக நின்றால், ஸ்ரீநகரிலிருந்து அவர்கள் வரட்டும். நீங்கள் மதுரைக்கு ரயிலில் போய், அங்கிருந்து குமரி வரை கடைசி இரண்டு நாள் அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். மருத்துவர் சரி சொல்லி, அந்த இரண்டு நாளுக்கான பயிற்சியும் எடுத்திருந்தால், நவம்பரிலேயேகூட அதை நான் தடுக்க மாட்டேன்.