‘என்றான்’ என்ற ஒரு சொல்

அன்புள்ள ஐயா,

சென்ற ஆண்டு என் மகன் நோயில் இறந்துபோனான். பதினான்கு மாதங்கள் ஜெபித்தோம், உபவாசம் இருந்தோம். எங்கள் விசுவாசத்தில் குறை இருந்ததால்தான் அவன் பிழைக்கவில்லை என்கிறார்கள் சபையில். செய்தியைப் பார்த்தால் போரும் குழந்தைகளின் உடல்களும். இவை கடைசிக் காலத்தின் அடையாளங்களா? ஜெபிக்க உட்கார்ந்தால் சுவரோடு பேசுவது போலிருக்கிறது. இந்தச் சந்தேகத்தோடு நான் திருவிருந்தில் பங்கெடுக்கலாமா?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் நீண்ட கடிதத்தைச் சுருக்கி வெளியிட்டிருக்கிறேன். கடைசிக் காலம் பற்றிய கேள்வியை விட்டுவிடுகிறேன். அந்த நாளையும் நாழிகையையும் குமாரனாகிய இயேசுவும் அறியார் என்று மாற்கு தன் சுவிசேஷத்தில் எழுதி வைத்திருக்கிறார். அதற்கு அட்டவணை போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

உங்களிடம் ‘விசுவாசக் குறை’ என்று சொன்னவர்களைப் பற்றித்தான் பேச வேண்டும். பல வாரங்களாக இது என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

எனக்குப் பன்னிரண்டு வயதில் என் தம்பி காய்ச்சலில் இறந்தான். அடக்கம் முடிந்த மறுநாள் சபை மூப்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், எங்களுக்காக உண்மையாகவே அழுதவர். எங்கள் வேதாகமத்தை எடுத்து யோபு புத்தகத்தின் முதல் அதிகாரத்தை வாசித்தார். “கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம் என்றான்.” வாசித்துவிட்டு அம்மாவைப் பார்த்து, “நீயும் இப்படிச் சொல்லப் பழக வேண்டும் அம்மா” என்றார்.

இரண்டு நாட்களாக யாரிடமும் பேசாமல் இருந்தவள் எழுந்து வந்தாள். தம்பியின் துணிகளை அப்போதுதான் துவைத்து முடித்திருந்தாள். விரல் நுனிகள் வெளிறிச் சுருங்கியிருந்தன. அவர் மடியிலிருந்த புத்தகத்தில், வசனத்தின் கடைசிச் சொல்லின் மேல் விரலை வைத்தாள்.

“என்றான் என்று போட்டிருக்கிறதே ஐயா. யார் என்றான்?”

“யோபு.”

“பிள்ளைகளைப் பறிகொடுத்தவன். அவன் சொல்லலாம். நாளைக்கு நானும் சொல்வேனோ என்னவோ. நீங்கள் அதை எனக்குச் சொல்லாதீர்கள்.”

ஐம்பது ஆண்டுகள் வேதாகமம் வாசித்த பிறகும் அந்த விரலைத் தாண்டி நான் எதையும் கற்றுக்கொண்டதாகத் தோன்றவில்லை. அந்த வசனம் தன்மையில்தான் தொடங்குகிறது: வந்தேன், திரும்புவேன். ஏழு மகன்களையும் மூன்று மகள்களையும் ஒரே நாளில் இழந்தவன் தன் வாயால் சொன்னது. அதை எடுத்து இன்னொருவர் முகத்துக்கு நேராக நீட்டும்போது எழுத்து மாறுவதில்லை, ஆனால் அது துதியாக இல்லாமல் அடியாக மாறிவிடுகிறது. சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்ற ரோமர் வசனமும் அப்படியே. ஐந்து முறை சவுக்கடியும் மூன்று முறை கோலடியும் பட்டு, கல்லெறியப்பட்டு, மூன்று முறை கப்பற்சேதத்தில் சிக்கிய பவுல் எழுதியது அது. துக்க வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எடுத்து வீசுவதற்காக எழுதப்பட்டதல்ல.

யோபின் நண்பர்களைப் பாருங்கள். முதல் ஏழு நாட்கள் அவனோடு தரையில் மௌனமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அது. பிறகு வாயைத் திறந்தார்கள். பில்தாத், பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பனிடமே அந்தப் பிள்ளைகளின் பாவத்தைப் பற்றிப் பேசினான். கடைசி அதிகாரத்தில் தேவன் யார்மேல் கோபப்படுகிறார்? தன்னைக் குற்றம் சாட்டி, வழக்காடி, பிறந்த நாளையே சபித்த யோபின் மேல் அல்ல. தேவனுக்காக வக்காலத்து வாங்கிய நண்பர்கள் மேல். அவர்களுக்காக யோபு ஜெபிக்க வேண்டும் என்றும் சொல்கிறார்.

வக்காலத்து வாங்குகிறவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாள் காலையில் லிஸ்பன் நகரம் பூகம்பத்தில் இடிந்தது. ஆராதனைக்குக் கூடியிருந்தவர்கள் மேலேயே ஆலயங்கள் சரிந்தன. அடுத்த ஆண்டே மலாக்ரீடா என்ற இயேசு சபைப் பாதிரியார், அது நகரத்தின் பாவத்துக்கு வந்த தண்டனை என்று எழுதி வெளியிட்டார். இடிபாடுகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்த ஒரு தாய் அதை வாசித்திருந்தால் என்ன ஆகியிருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, சகோதரி. இத்தனை ஆண்டுகள் சுவிசேஷம் வாசித்த நீங்கள் அந்த ‘விசுவாசக் குறை’ கணக்கை எப்படி நம்பினீர்கள்? இறந்த மகனை இயேசு எழுப்பிக் கொடுத்தாரே, அந்த நாயீன் ஊர் விதவை எதையும் கேட்கவே இல்லை. பாடையின் பின்னால் அழுதுகொண்டு போனாள், அவ்வளவுதான். அவளிடம் யாரும் விசுவாசத்தை அளந்து பார்க்கவில்லை. லாசரு செத்து நான்கு நாட்களாகியிருந்தது, அவன் எதை விசுவாசித்தான்? “நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்” என்று மார்த்தாளும் மரியாளும் ஆளுக்கொரு முறை முகத்துக்கு நேரே குறை சொன்னார்கள். இயேசு அதட்டவில்லை. கண்ணீர் விட்டார். எழுப்பப்போவது தெரிந்தும் அழுதார் என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடாதது. உங்கள் மகன் ஏன் எழுப்பப்படவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இருப்பதாகச் சொல்கிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

சுவரோடு பேசுவது போலிருக்கிறது என்கிறீர்கள். வேதாகமத்தின் 88-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் எங்காவது ஓரிடத்தில் நம்பிக்கையின் பக்கம் திரும்பும். இது கடைசிவரை திரும்புவதே இல்லை. எபிரேய மூலத்தில் அதன் கடைசிச் சொல் ‘இருள்’. அதையும் ஜெபம் என்றுதான் தொகுத்து வைத்திருக்கிறார்கள்.

திருவிருந்தைக் கேட்டீர்கள் அல்லவா, போங்கள். உயிர்த்தெழுந்தவரை மலையில் கண்ட சீஷர்களைப் பற்றி மத்தேயு எழுதுகிறார்: பணிந்துகொண்டார்கள், சிலரோ சந்தேகப்பட்டார்கள். இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. சந்தேகப்பட்டவர்களை அவர் தனியே பிரித்து அனுப்பவில்லை.

இன்னொன்று. உங்கள் முழுக் கடிதத்தில் பதினொரு வசனங்களை மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். சபையார் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருக்கிறீர்கள். மகனைப் பற்றி மூன்றே வரிகள், அதிலும் அவன் பெயர் இல்லை. அவனுக்கு எத்தனை வயது, எதற்குச் சிரிப்பான், எதற்குக் கோபப்படுவான் என்று எதுவும் இல்லை. அடுத்த கடிதத்தில் வசனம் ஒன்றும் வேண்டாம். அவனைப் பற்றி எழுதுங்கள்.