விரலோரம் அரிக்கும் நீர்க்கொப்புளம்: ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கேள்வி: எனக்கு 36 வயது. திருமங்கலத்தில் சின்னதாக இட்லிக் கடை வைத்திருக்கிறோம். பூண்டு, வெங்காயம் உரிப்பது, மாவு கரைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் நான்தான். இரண்டு வருடமாக விரல்களின் ஓரத்தில் பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம் வருகிறது. ராத்திரியில் அரிப்பு தாங்க முடியவில்லை. இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்து தோல் உரிந்துவிடும். அப்பாடா என்று இருந்தால் மறுபடி வந்துவிடும். சித்திரை, வைகாசியில் ரொம்ப மோசம். அக்கி என்று காவி எழுதிப் பார்த்தோம். மருந்துக் கடையில் கொடுத்த களிம்பைப் போட்டால் மூன்று நாளில் அடங்குகிறது, விட்டால் வருகிறது. சின்ன மகளுக்குச் சோறு ஊட்டவே பயமாக இருக்கிறது. மாமியார் கடையில் எதையும் தொடாதே என்கிறார். இது ஒட்டுமா? அடியோடு போக வழி உண்டா?

பதில்: சகோதரி, முதலில் மகளுக்குச் சோறு ஊட்டுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது கையில் வரும் எக்ஸிமா என்கிற தோல் அழற்சியில் ஒரு வகை. மருத்துவச் சீட்டில் பாம்ஃபோலிக்ஸ் என்று எழுதுவோம். இது கிருமியால் வருவதில்லை. தொட்டாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், கொப்புளத்து நீர் பட்டாலும் அடுத்தவருக்கு வராது. சுத்தக் குறைவால் வருவதும் இல்லை. சொல்லப்போனால், கையை அளவுக்கு மீறிக் கழுவுகிறவர்களுக்குத்தான் இது அதிகம். கொப்புளம் உடைந்து புண்ணாகிச் சீழ் வைத்திருந்தால், அது ஆறும்வரை மட்டும் மாவிலும் சட்னியிலும் கை வைக்க வேண்டாம். மாமியாரிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

வெளிச்சத்தில் விரலை மடக்கி ஓரத்தைப் பாருங்கள். தோலுக்கு அடியில் வேக வைத்த ஜவ்வரிசியைப் பதித்த மாதிரி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் நீர் முத்துகள் தெரியும். உள்ளங்கைத் தோல் தடிமன் என்பதால் அவை சட்டென்று உடைவதில்லை. வாரக்கணக்கில் நீடிப்பதும் இதனால்தான். அக்கி இப்படி வராது. அது பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், ஒரு பட்டையாக, அரிப்பைவிட வலியும் எரிச்சலுமாக வரும். இரண்டு கையிலும் மாறி மாறி இரண்டு வருடம் வந்து போகாது. காவி எழுதிய சமயத்தில் குறைந்தது போலத் தோன்றியிருந்தால், அது தானாகவே காய்கிற நேரமாக இருந்திருக்கும்.

ஆனாலும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வீட்டில் வேறு யாருக்காவது ராத்திரியில் அரிப்பு இருக்கிறதா? விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, அக்குள் என்று அரித்தால் அது சிரங்காக இருக்கலாம். சிரங்கு ஒட்டும், வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். ஒரே ஒரு கையில் மட்டும் செதில் செதிலாக உரிந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அப்புறம், கால்விரல் இடுக்கையும் பாருங்கள். நாள் முழுக்க ஈரத் தரையில் நிற்கிறவர்களுக்குச் சேற்றுப்புண் சகஜம். காலில் இருக்கும் அந்தப் பூஞ்சைக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பே சிலருக்குக் கையில் இந்தக் கொப்புளமாக வருகிறது. காலுக்கு மருந்து போட்டால் கை ஆறும். இதைப் பலரும் பார்ப்பதே இல்லை.

சரி, ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? சிலருக்கு இயல்பிலேயே தோல் அப்படி. சின்ன வயதில் கரப்பான், இளைப்பு, அடுக்குத் தும்மல் இருந்திருக்கும். அதன் மேல் தண்ணீர், சோப்பு, பாத்திரம் தேய்க்கும் பொடி, வெங்காயச் சாறு என்று நாள் முழுக்கப் பட்டால் தோலின் மேலடுக்கில் உள்ள எண்ணெய்ப் பசை கரைந்துவிடும். வியர்வைச் சுரப்பி அடைத்துக்கொள்வதால் கொப்புளம் வருகிறது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள், அது சரியில்லை. ஆனால் வெப்பமும் வியர்வையும் இதைக் கிளப்பிவிடும். அக்னி நட்சத்திர வெயிலில், அடுப்படியில் நிற்கிற உங்களுக்கு அந்த மாதங்களில் மோசமாவதில் ஆச்சரியமே இல்லை. மனக்கவலையும் தூக்கக் குறைவும்கூடக் கிளப்பும்.

உங்கள் விஷயத்தில் எனக்குப் பூண்டின் மேலும் சந்தேகம் இருக்கிறது. வலக்கையால் கத்தி பிடிக்கிறவர்களுக்குப் பூண்டைப் பிடிக்கும் இடது கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் நுனிகள் வறண்டு வெடித்தால் அது பூண்டு ஒவ்வாமையின் அடையாளம். அப்படி இருந்தால் உரிக்கிற வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடுங்கள். பூண்டுச் சாறு பல கையுறைகளையும் தாண்டி உள்ளே வந்துவிடும்.

அடுத்தது மோதிரம். கழற்றிப் பாருங்கள், அதன் அடியில் சோப்புத் தண்ணீர் தங்கித் தோல் வெளுத்துப் போயிருக்கும். கவரிங் மோதிரம், வளையல் என்றால் அதில் நிக்கல் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். கவரிங் தோடு போட்டால் உங்களுக்குக் காது அரித்துப் புண்ணாகுமா? ஆகும் என்றால் நிக்கல் ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம். முதுகில் பட்டை ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் மூலம் உறுதி செய்துகொள்ளலாம். அந்தப் பரிசோதனை இல்லாமல் கத்தரிக்காய், கருவாடு, பருப்பு என்று ஒவ்வொன்றாக நிறுத்தி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நிறுத்திப் பார்த்தும் பலன் இல்லாமல், மெலிந்து வருகிற பெண்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இனி அந்தக் களிம்பு. கடைகளில் சீட்டு இல்லாமல் கொடுப்பது பெரும்பாலும் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமி மருந்து மூன்றும் ஒரே ட்யூபில் கலந்தது. மூன்று நாளில் அரிப்பு அடங்கும், நீங்கள் நிறுத்துவீர்கள். உள்ளே அழற்சி பாதிதான் ஆறியிருக்கும், அதனால் திரும்பி வரும். படர்தாமரையாக இருந்தாலோ, இந்தக் கலவை அதை மறைத்து வைத்தே பரப்பிவிடும். ஸ்டீராய்டு கெட்டது என்று நான் சொல்லவில்லை. உள்ளங்கைத் தோலுக்குப் போதுமான வீரியம் உள்ள ஒன்றை, மருத்துவர் சொன்னபடி, வழக்கமாக இரண்டு வாரம் காலையும் இரவும் போட்டு, அப்புறம் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஒரு கைக்கு முன்னும் பின்னும் போதும். கைக்கு எழுதிக் கொடுத்ததை முகத்திலோ தொடை இடுக்கிலோ போடாதீர்கள். அடிக்கடி வருகிறவர்களுக்கு ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு, ஒளி சிகிச்சை என்று வேறு வழிகளும் உண்டு.

கொப்புளம் கசிகிற நாட்களில் மட்டும் பொட்டாசியம் பர்மாங்கனேட் தண்ணீரில் 10 முதல் 15 நிமிடம் கையை வைக்கலாம். தண்ணீர் வெளிர் ரோஜா நிறத்தில்தான் இருக்க வேண்டும். கரையாத ஒரு துகள் பட்டாலும் தோல் வெந்துவிடும். நன்றாகக் கலக்குங்கள், குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். நகம் பழுப்பாகும், பயப்பட வேண்டாம். காய்ந்ததும் நிறுத்திவிடுங்கள்.

அரிக்கும்போது வெந்நீர் ஊற்றினால் சுகமாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரத்திலேயே இன்னும் அதிகமாகத் திரும்பும். குளிர்ந்த நீரில் நனைத்த துணியைச் சுற்றுங்கள். ஊக்கால் குத்துவது, சுண்ணாம்பு தடவுவது, கிருமிநாசினியை அப்படியே ஊற்றுவது எதுவும் வேண்டாம்.

நீங்கள் முக்கியமாகச் செய்ய வேண்டியது கொப்புளம் மறைந்த பிறகுதான். பார்க்கத் தோல் சரியாகிவிட்டது போல இருக்கும். ஆனால் பழைய பலம் வரச் சில மாதங்கள் ஆகும். அதுவரை பாத்திரம் கழுவும்போது உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை. கால் மணி, இருபது நிமிடத்துக்கு மேல் போட்டால் உள்ளே வியர்த்து அதுவே தொந்தரவாகும். கழற்றிக் காய வைத்து, உலர்ந்த ஜோடியை மாற்றுங்கள். ஒவ்வொரு முறை கை கழுவியதும் விரலிடுக்கை ஒற்றித் துடைத்து, வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள். டப்பா குழாயடியிலேயே இருக்கட்டும். அலமாரியில் இருந்தால் யாரும் எடுக்கமாட்டார்கள். கடை வேலை முழுவதையும் விட முடியாது என்பது எனக்குத் தெரியும். கழுவுகிற வேலையையாவது வெயில் மாதங்களில் வீட்டுக்காரரோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

அடியோடு போகுமா என்று கேட்டீர்கள். இனி வரவே வராது என்று என்னால் உறுதி கொடுக்க முடியாது. ஆனால் இப்படிக் கவனித்தால் வருவது குறையும், வந்தாலும் லேசாக வந்து போகும். சிலருக்கு வருடங்கள் கழித்து நின்றும் போகிறது.

சீழ், வீக்கம், தொட்டால் வலி, காய்ச்சல், கையில் மேல்நோக்கி ஓடும் சிவந்த கோடு, இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை இருந்தால் இன்னும் அவசரம். மற்றபடி மதுரை பெரியாஸ்பத்திரியின் தோல் பிரிவில் ஒருமுறை நேரில் காட்டுங்கள். போகிற அன்று கொப்புளம் இல்லாமல் போகலாம். ஆகவே அடுத்த முறை வந்ததும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை போட்ட ட்யூபுகள் காலியாகக் கிடந்தாலும் தூக்கிப் போடாமல் எடுத்துச் செல்லுங்கள். எதை எத்தனை நாள் போட்டீர்கள் என்று தெரிந்தால்தான் அடுத்த மருந்தைச் சரியாக எழுத முடியும்.