வைத்தியரைக் கேளுங்கள்: ஈயம் உருக்கும் வீட்டில் கீழாநெல்லி

கேள்வி: ஐயா, என் கணவர் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை வீட்டின் பின்புறத்தில் சிரட்டைத் தீயில் உருக்கி வார்ப்பார். ஆறு வயது மகன் அங்கேயே விளையாடுவான். சில மாதங்களாக அவனுக்கு வயிற்றுவலி, சோறும் இறங்குவதில்லை. கீழாநெல்லிச் சாறு கொடுத்தால் உடம்பில் சேர்ந்த ஈயம் இறங்கிவிடுமா?
– ஒரு வாசகி, குளச்சல்

பதில்: இறங்காது, அம்மா. மூலிகை கொடுத்தே பிழைக்கிற நான்தான் இதைச் சொல்கிறேன். உடம்பு ஈயத்தைக் கால்சியம் என்று நம்பி எலும்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது; அங்கே அது பல ஆண்டுகள் இருக்கும்.

முதலில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பிள்ளையைக் கூட்டிச் சென்று, வீட்டில் ஈயம் உருக்குவதை மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தத்தில் ஈயத்தின் அளவு ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமை எட்டினாலே, அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 45-ஐத் தொட்டால், ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் சக்சிமர் போன்ற மருந்து தேவை. அதை மருத்துவர் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் எங்கிருந்து என்று தேடவேண்டியதில்லை. உருகிய ஈயத்தின் மேல் சாம்பல்நிறத்தில் ஆடை படியும். அதைக் கரண்டியால் வழித்துத் தென்னை மூட்டில் தட்டிவிடுவார்கள். இந்தக் கரையில் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் மண் அளைவதும் அங்கேதான். வார்க்கும் வேலையை வீட்டைவிட்டுத் தள்ளி வையுங்கள். கணவர் குளித்து, உடுப்பு மாற்றிய பிறகு பிள்ளையைத் தூக்கட்டும். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

முருங்கைக்கீரை தாராளமாகக் கொடுக்கலாம், உணவாக. இரும்பும் கால்சியமும் குறைந்த உடம்பில் ஈயம் எளிதாக ஏறும். நெத்திலியை முள்ளோடு சமைத்துக் கொடுங்கள்.

ஈரானில் கார் பேட்டரி ஆலைத் தொழிலாளர்களுக்குப் பூண்டு கொடுத்துப் பார்த்ததில் ஈய அளவு குறைந்தது என்று 2012-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்கள் வளர்ந்த ஆட்கள். அதை நம்பி ஆறு வயதுப் பிள்ளையின் சிகிச்சையைத் தள்ளிப்போட நான் சம்மதிக்கமாட்டேன். உலோகங்களைப் புடமிட்டுச் செய்கிற செந்தூரத்தை யாரோ தந்தால் அதுவும் வேண்டாம். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று, ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2008-இல் சொன்னது. எங்கள் தொழிலுக்கு அது தலைகுனிவுதான்.

கேள்வி: மருந்துவாழ்மலையில் பறித்த குப்பைமேனியை மெத்தனால் என்ற கரைப்பானில் ஊறவைத்து எடுத்த சாற்றைப் பாக்டீரியா வளர்த்த தட்டில் வைத்தோம். சுற்றிலும் கிருமி வளராத தெளிந்த வளையம் விழுந்தது. இதை ஆன்டிபயாட்டிக்குக்குப் பதிலாகக் கொடுக்கலாமா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: வெறும் மெத்தனால் தோய்த்த காகித வட்டைப் பக்கத்தில் வைத்தீர்களா? மெத்தனாலே கிருமியைத் தடுக்கக்கூடும். அதற்கும் வளையம் விழுந்திருந்தால் குப்பைமேனிக்குப் பெருமை இல்லை. விழவில்லை என்றால், எவ்வளவு குறைந்த அளவில் கிருமி வளராமல் நிற்கிறது என்று பாருங்கள். தட்டில் கொன்ற அளவு ரத்தத்தில் சேருமா, ஈரல் தாங்குமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. சொறி சிரங்குக்கு உப்பும் மஞ்சளும் கூட்டி அரைத்துப் பூசுவது நம் வழக்கம். அது தோலோடு நிற்கும். பறித்தது எந்த மாதம், எடுத்தது இலையா வேரா என்று நீங்கள் எழுதவில்லையே, தம்பி. அதையும் எழுதி அனுப்புங்கள்.