ரூட்டர் அப்கிரேடு: எல்லைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகள்

கஞ்சிக்கோட்டிலிருந்து களியக்காவிளை வரைக்கும், மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வந்த கேள்விகளில் ஆறை எடுத்திருக்கிறேன். எல்லாமே சிஸ்கோ ரூட்டர்களின் மென்பொருளை மாற்றுவது பற்றியவை. அந்த மென்பொருள் ஃபைலைத்தான் இமேஜ் என்கிறோம், ஃபிளாஷ் அது தங்கும் சேமிப்பு இடம், ரீலோட் என்றால் ரூட்டரை மறுபடி எழுப்புவது, கான்ஃபிக் என்றால் ரூட்டரில் நாம் எழுதிய அமைப்புகள். முதல் கேள்விக்குப் பதில் நீளம், ஏனென்றால் நிறைய பேர் மாட்டிக்கொள்கிற இடம் அதுதான்.

அண்ணா, எங்களுக்கு ஏலக்காய் வியாபாரம். போடியில் ஆபீஸ், மேலே வண்டன்மேட்டில் கிளை. மேலே இருக்கிற 4331 ரூட்டருக்கு இங்கிருந்தே டிஎஃப்டிபி மூலம் புது இமேஜ் அனுப்பினேன். ராத்திரி பத்து மணிக்குப் போட்டது காலை வரை ஓடி, கடைசியில் டைம் அவுட் ஆகிவிட்டது. லைன் மோசமா?

லைன் நன்றாக இருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும். டிஎஃப்டிபி என்பது ஃபைல் அனுப்பும் மிக எளிய முறை, ஒரு தடவைக்கு 512 பைட் அனுப்பிவிட்டு, அது வந்து சேர்ந்ததென்று எதிர்ப்பக்கம் சொன்ன பிறகுதான் அடுத்த 512-ஐ அனுப்பும். உங்கள் லைனில் போய்வர 50 மில்லிசெகண்ட் என்று வையுங்கள், ஒரு செகண்டுக்கு 20 துண்டுதான் போகும், அதாவது 10 கேபி. 500 எம்பி இமேஜ் கிட்டத்தட்ட 9,76,000 துண்டு, பதின்மூன்றரை மணி நேரம் ஆகும். லைனை எத்தனை எம்பிபிஎஸ்-க்கு உயர்த்தினாலும் இந்தக் கணக்கு அப்படியே நிற்கும். இடையில் ஏதாவது அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. டிஎஃப்டிபி ஒரே அறைக்குள், ஒரே சுவிட்சில் இருக்கிற லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் நடுவே மட்டும் போதும்.

தூரத்துக்கு எஸ்சிபி, எஃப்டிபி அல்லது ஹெச்டிடிபி என்ற ஃபைல் அனுப்பும் முறைகள். அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ரூட்டரின் டிசிபி விண்டோ, அதாவது பதிலுக்குக் காத்திருக்காமல் ஒரே மூச்சில் அனுப்பக்கூடிய அளவு, இயல்பாக 4128 பைட்தான், அதனால் இவையும் முழு வேகத்தில் போகாது. 'ஐபி டிசிபி விண்டோ-சைஸ்' கட்டளையில் 65535 கொடுத்துவிட்டு காப்பி செய்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இதைவிட முக்கியமானது, காப்பி செய்வதும் ரீலோட் செய்வதும் ஒரே ராத்திரி வேலை இல்லை. இமேஜை இரண்டு நாள் முன்பே அனுப்பி ஃபிளாஷில் வைத்துவிடுங்கள், அதனால் ஓடுகிற மென்பொருளுக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம் 'வெரிஃபை' கட்டளையில் எம்டி5 (ஃபைலின் கைரேகை மாதிரி ஓர் எண்) எடுத்து, சிஸ்கோவின் டவுன்லோட் பக்கத்தில் இருக்கிற எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒத்தால் மட்டும் ரீலோட் நாளைக் குறியுங்கள். நான் வேலைக்கு வந்த புதிதில் மலைமேல் இருந்த ஒரு கிளையில், ஃபிளாஷில் இடம் போதவில்லை என்று பழைய இமேஜை அழித்து, புதியதைச் சரிபார்க்காமல் ரீலோட் கொடுத்தேன். ஃபைல் பாதிதான் வந்திருந்தது. ரூட்டரில் நேராகச் சொருகிப் பேசும் கன்சோல் கேபிளோடு ராத்திரி போடிமெட்டு வளைவுகளில் பைக்கில் ஏறிய குளிர் இன்னும் நினைவிருக்கிறது. பழைய இமேஜை அழிக்காதீர்கள். இடம் இல்லையென்றால் வேறு எதையாவது அழியுங்கள், அல்லது ஒரு யுஎஸ்பி குச்சியில் பழைய இமேஜைப் போட்டு ரூட்டரிலேயே சொருகி வையுங்கள்.

ரீலோட் கொடுக்கிற நேரத்தில் மேலே கிளையில், அறைச் சாவியோடு ஒருவர் இருக்க வேண்டும். அவருக்கு ரூட்டர் தெரியவேண்டாம், நீங்கள் போனில் சொல்கிற கேபிளைச் சொருகத் தெரிந்தால் போதும்.

செங்கோட்டையிலிருந்து: புது இமேஜ் ஏற்றி, பூட் சிஸ்டம் வரியும் எழுதி, ரீலோட் செய்தும் பழைய வெர்ஷனே வருகிறது.

எந்த இமேஜில் எழும்ப வேண்டும் என்று சொல்லும் பூட் சிஸ்டம் வரிகள் மேலிருந்து கீழே வரிசையாகப் படிக்கப்படும். நீங்கள் எழுதிய புது வரி பட்டியலின் கடைசியில் போய் உட்கார்ந்திருக்கும், மேலே இருக்கிற பழைய வரி நன்றாக வேலை செய்வதால் ரூட்டர் அதோடு நின்றுவிடுகிறது. 'நோ பூட் சிஸ்டம்' கொடுத்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, முதலில் புதியது, அடுத்து பழையது என்று இரண்டு வரி எழுதி, 'ரைட் மெமரி' கொடுத்துச் சேமியுங்கள். பழைய வரியை அடியில் விட்டுவைப்பது அவசியம், புதியது எழும்பாமல் போனால் ரூட்டர் தானாக அதற்கு இறங்கும். ரீலோடுக்கு முன்னால் 'ஷோ பூட்வார்' பார்த்துவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை: அப்கிரேடு முடிந்து எழும்பியதும் கான்ஃபிக் எல்லாம் போய்விட்டது சார், புது ரூட்டர் மாதிரி ஆரம்பக் கேள்வி கேட்கிறது.

முதலில், 'ரைட் மெமரி' கொடுத்துவிடாதீர்கள்! கான்ஃபிக் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும், ரூட்டர் அதைப் படிக்காமல் வந்திருக்கிறது. 'ஷோ வெர்ஷன்' கடைசி வரியில் கான்ஃபிகரேஷன் ரெஜிஸ்டர் (ரூட்டர் எழும்பும் விதத்தைச் சொல்லும் எண்) பாருங்கள், 0x2142 என்று இருக்கும், சேமித்த கான்ஃபிகைப் படிக்காதே என்று அர்த்தம். யாரோ எப்போதோ பாஸ்வேர்டு மறந்து மீட்டவர் அப்படியே விட்டுப்போயிருப்பார், இத்தனை நாள் ரீலோட் ஆகாததால் தெரியவில்லை. ஆரம்பக் கேள்விக்கு 'நோ' சொல்லுங்கள். ஸ்டார்ட்டப் கான்ஃபிகை (சேமித்தது) ரன்னிங்குக்கு (இப்போது ஓடுவது) காப்பி செய்து, ஷட்டவுனில் கிடக்கிற இன்டர்ஃபேஸ்களை எழுப்பி, ரெஜிஸ்டரை 0x2102-க்கு மாற்றி, அதற்கப்புறம்தான் சேமிக்க வேண்டும். இப்போதே சேமித்தால் காலி கான்ஃபிக் பழையதன் மேல் எழுதிவிடும்.

களியக்காவிளை: எங்கள் 2911 ரூட்டரில் இமேஜ் மாற்றும்போது இடி மின்னலில் கரண்ட் போய்விட்டது. இப்போது ரோம்மான் என்று நிற்கிறது. எக்ஸ்மோடமில் அனுப்பலாம் என்கிறார்கள்.

ரோம்மான் என்பது இமேஜ் எழும்பாதபோது ரூட்டர் வந்து நிற்கும் சின்ன மீட்பு நிரல். எக்ஸ்மோடம், அதாவது கன்சோல் கேபிள் வழியாக ஃபைல் அனுப்புவது, கடைசி வழி. கன்சோல் 9600 வேகத்தில் ஒரு செகண்டுக்கு 960 பைட்தான் போகும், 100 எம்பி இமேஜுக்கு 29 மணி நேரம். 115200-க்கு ஏற்றினாலும் இரண்டரை மணி நேரம் கிட்ட. உங்கள் மாடலில் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டைக் கையால் கழற்றலாம். கரண்டை அணைத்து, கார்டை எடுத்து, கார்டு ரீடர் வழியாக லேப்டாப்பில் இமேஜைப் போட்டுத் திருப்பிச் சொருகுங்கள், பத்து நிமிட வேலை.

கார்டு ரீடர் கிடைக்கவில்லையென்றால் ரோம்மானிலேயே டிஎஃப்டிபி இருக்கிறது, ஐபி, மாஸ்க், கேட்வே, சர்வர், ஃபைல் பெயர் என்று ஐந்து மதிப்பு கொடுக்க வேண்டும். ஆனால் அந்தக் கட்டளை ஃபிளாஷில் இருப்பதை எல்லாம் துடைத்துவிடும். கூடவே ஆர் ஆப்ஷன் சேர்த்தால் மெமரியில் மட்டும் ஏற்றி எழுப்பும், ஃபிளாஷைத் தொடாது, நான் அதைத்தான் செய்வேன். உங்கள் பக்கம் ஐப்பசியில் மத்தியானம் தாண்டினாலே வானம் இருண்டுவிடும், இந்த வேலையைக் காலையில், யுபிஎஸ் பேட்டரியைச் சோதித்துவிட்டுச் செய்யுங்கள்.

கஞ்சிக்கோடு தொழிற்சாலை: ஓணம் விடுமுறையில் யாரும் இருக்க மாட்டார்கள், அப்போது செய்துவிடலாமா? இன்ஸ்டால் மோடுக்கும் மாறவேண்டும்.

யாரும் இல்லாத நாள் எனக்குப் பிடிக்காது. பிங் போகிறது என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போவீர்கள், விடுமுறை முடிந்து முந்நூறு பேர் உள்ளே வரும் காலையில்தான் விபிஎன் ஒன்று எழும்பவில்லை என்று தெரியும். ஒரு சனிக்கிழமை ஷிஃப்ட் மாறும் நேரம் எடுங்கள், நாலு பேர் உட்கார்ந்து பிரின்டர், போன், ஸ்டோர் சாஃப்ட்வேர் எல்லாம் தொட்டுப் பார்க்கட்டும்.

இன்ஸ்டால் மோடு நல்ல முடிவு. வழக்கமான பண்டில் மோடில் மொத்த இமேஜ் ஃபைலையும் (.bin) ஒவ்வொரு தடவையும் மெமரியில் விரிக்க வேண்டும், இதில் பேக்கேஜ்கள் முன்பே விரிந்து ஃபிளாஷில் இருக்கும், அதனால் சீக்கிரம் எழும்பும். ஆட் (சேர்ப்பது), ஆக்டிவேட் (இயக்குவது), கமிட் (உறுதிசெய்வது) மூன்றையும் ஒரே வரியில் கொடுக்கிற வழக்கம் இருக்கிறது, வேண்டாம். ஆக்டிவேட் ஆனதும் சோதித்துவிட்டு கமிட் தனியாகக் கொடுங்கள். கமிட் கொடுக்காமல் குறித்த நேரம் தாண்டினால் ரூட்டர் தானே பழைய வெர்ஷனுக்குத் திரும்பும், அந்தப் பாதுகாப்பை ஏன் விடவேண்டும்?

கம்பம்: நன்றாக ஓடுகிற ரூட்டரை எதற்குத் தொடவேண்டும் என்கிறார் முதலாளி. என்ன சொல்வது?

2023 அக்டோபரில் வெளியான ஐஓஎஸ் எக்ஸ்இ (சிஸ்கோ ரூட்டர் மென்பொருள்) வெப் யுஐ (பிரவுசரில் திறக்கும் நிர்வாகப் பக்கம்) ஓட்டையைச் சொல்லுங்கள். பாஸ்வேர்டே இல்லாமல் வெளியிலிருந்து வருகிறவன் ரூட்டரில் முழு அதிகாரமுள்ள கணக்கை உண்டாக்கிக்கொள்ள முடிந்தது, ஆபத்து மதிப்பெண் 10-க்கு 10. அன்று உலகம் முழுக்க மாட்டிய ரூட்டர்கள் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தவைதான். அந்த மென்பொருளின் 17.9 வரிசையில் திருத்தம் 17.9.4ஏ-யில் வந்தது. உங்களுடையது அதற்கு முந்தையது என்றால் இன்றைக்கே அந்தப் பக்கத்தை நடத்தும் ஹெச்டிடிபி, ஹெச்டிடிபிஎஸ் சர்வர் இரண்டையும் நிறுத்துங்கள், தெரியாத யூசர் பெயர் ஏதாவது கான்ஃபிகில் இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் முதலாளியிடம் நாள் கேளுங்கள்.