ஆன்லைன் துணிக்கலை வகுப்பு: காயும் நேரத்தைப் பார்த்துப் பிரியுங்கள்

கேள்வி: சேலத்தில் வீட்டிலேயே துணிக்கலை ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். பழைய சேலைத்துண்டு, காகிதம், அக்ரிலிக் பெயின்ட், எம்பிராய்டரி எல்லாம் சேர்த்துச் சுவரில் மாட்டுகிற மாதிரி ஒன்று செய்வோம். நேரில் வருகிறவர்கள் மூன்று மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். அதையே ஜூமில் நடத்தினேன். பாதிப் பேர் முடிக்கவில்லை, பலருக்குப் பசை காயவே இல்லை, தையல் கண்ணுக்கே தெரியவில்லை என்றார்கள். நல்ல கேமரா வாங்கினால் சரியாகுமா? பொருள்களை கிட்டாக அனுப்ப வேண்டுமா?

பதில்: கேமரா வாங்காதீர்கள். உங்கள் போனே போதும், அதற்குப் பிறகு வருகிறேன். பிரச்சினை ஈரத்தில் இருக்கிறது. நேரில் நடத்தும்போது ஹேர் டிரையர் கையில் இருக்கும், முந்தின நாளே ஒட்டிக் காயவைத்த துணி இரண்டு மூன்று எடுத்து வைத்திருப்பீர்கள், யாராவது பசையை அள்ளிப் பூசினால் தொட்டுப் பார்த்ததுமே தெரிந்துவிடும். இது எதுவுமே ஜூமில் கிடையாது. அதனால் மூன்று மணி நேர வகுப்பை அப்படியே கொண்டுபோகாமல், ஒன்றரை மணி நேரம் வீதம் இரண்டு நாளாகப் பிரியுங்கள். முதல் நாள் ஈர வேலை மட்டும், அதாவது ஒட்டுவது, பெயின்ட். ஒரு ராத்திரி, முடிந்தால் இரண்டு ராத்திரி காயட்டும். அடுத்த வகுப்பில் ஊசி எடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் நடத்தினால் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், மழைக்காலத்தில் சென்னையில் இருப்பவருக்கு எதுவும் லேசில் காயாது.

ஈரமாக இருக்கும்போது தைக்க விட்டால் காகிதம் கிழியும், ஊசி பிசுபிசுக்கும். காய்ந்த பிறகும் ஒன்று கவனிக்க வேண்டும்: காகிதம் ஒட்டிய இடத்தில் நெருக்கி நெருக்கித் தைத்தால் தபால்தலை ஓரம் மாதிரி அந்த வரியோடு பிய்ந்து வந்துவிடும். ஒவ்வொரு தையலும் அரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். பசை கெட்டியாக இருந்தால் ஊசியே இறங்காது, ஃபெவிகாலில் ஏறக்குறைய சம அளவு தண்ணீர் கலந்து, காகிதத்துக்கு அடியில் ஒரு பூச்சு, மேலே ஒரு பூச்சு. முக்கியமாக, துணிக்கு அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரிக்கச் சொல்லுங்கள். நேரில் நீங்களே விரித்து வைத்திருப்பதால் சொல்ல மறந்துபோகும், மறுநாள் பார்த்தால் மேஜையோடு ஒட்டிக்கிடக்கும்.

துணி என்னவென்று உங்களுக்குத் தெரியாது என்பது அடுத்த சிக்கல். "பழைய சேலை" என்று பொருள் பட்டியலில் போட்டால் பாதிப் பேர் பாலியஸ்டர் எடுத்து வருவார்கள், இஸ்திரிப்பெட்டி வைத்ததும் சுருண்டுவிடும். வகுப்புக்கு முன்பே ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள்: ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டினால், பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நின்றுவிடும். புதுத்துணி என்றால் கஞ்சி போக ஒருமுறை அலசியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பெயின்ட் உள்ளே இறங்காது.

இதற்காகத்தான் கிட் அனுப்பச் சொல்கிறேன், ஆனால் பாதி கிட். அலசிய காடா துணி, எம்பிராய்டரி நூல், சரியான ஊசி, ஒட்டுவதற்குத் தேவையான காகிதம். எல்லாருக்கும் ஒரே துணி போனால் நீங்கள் சொல்கிற அளவு எல்லாருக்கும் பொருந்தும். பெயின்ட், பசை பாட்டில்களை அனுப்பாதீர்கள், வழியில் ஒன்று உடைந்தால் மொத்தப் பார்சலும் போச்சு, அவை எல்லா ஊரிலும் கிடைக்கிறவைதானே. கிட் விலையையும் கூரியர் செலவையும் வகுப்புக் கட்டணத்தோடு கலக்காமல் தனியாகப் போடுங்கள், அப்போதுதான் துபாயில் இருந்து சேர்கிறவர் வகுப்புக்கு மட்டும் பணம் கட்ட முடியும்.

சரி, தையல் தெரியாத விஷயம். போனை மேஜைக்கு மேலே ஸ்டாண்டில் மாட்டி, பின்பக்கக் கேமரா நேராகக் கீழே பார்க்கிற மாதிரி வையுங்கள், படம் உங்கள் கண் பார்க்கும் திசையிலேயே இருக்க வேண்டும். எதிரே வைத்தால் அவர்களுக்கு எல்லாம் தலைகீழ். லேப்டாப்பில் முகம், போனில் கை என்று ஒரே மீட்டிங்கில் இரண்டாகச் சேரலாம், போனில் ஆடியோவை இணைக்காதீர்கள், எதிரொலி கிளம்பிவிடும். ரிங் லைட் வேண்டாம், ஈரப் பெயின்டில் வெள்ளை வட்டமாகப் பளபளக்கும். பக்கவாட்டில் ஒரு விளக்கு வைத்தால் தையல் மேடு பள்ளம் நிழலோடு தெரியும். அப்புறம், ஆறு இழை நூலை அவர்கள் இரண்டு இழையாகப் பிரித்துத் தைக்கட்டும், நீங்கள் காட்டும்போது ஆறு இழையையும் சேர்த்தே, துணிக்கு எதிர் நிறத்தில், பெரிதாகத் தைத்துக் காட்டுங்கள். கேமரா மாற்றுவதைவிட இதற்குப் பலன் அதிகம்.

எட்டுப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாரும் துணியைக் கேமராவுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து, ஓரத்தை லேசாக மடித்துக் காட்டட்டும். மடியாமல் விறைத்து நின்றால் பசை அதிகம், உடனே ஈரத்துணியால் ஒற்றி எடுக்கச் சொல்லலாம். நீங்கள் தொட்டுப் பார்ப்பதற்குப் பதில் இதுதான்.

இலவச ஜூம் நாற்பது நிமிடத்தில் அறுந்துவிடும், இலவச கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் ஒரு மணி நேரம்தான். கட்டணம் வாங்கி நடத்துகிறீர்கள், மாதச் சந்தா ஒன்று எடுத்துவிடுங்கள்.

ஒரே நாளில் முடிகிற வகுப்புதான் வேண்டும் என்று கேட்பவர்களும் இருப்பார்கள். அவர்களுக்குப் பசையும் பெயின்டும் இல்லாத வேலையாகக் கொடுங்கள். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் தேரில் தொங்கவிடுகிற தொம்பை இருக்கிறதே, வெட்டிய துணியைத் துணிமேல் வைத்துத் தைக்கிற வேலை, அந்த முறையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பூவோ யாளியோ என்றால் இரண்டு மணி நேரத்துக்குச் சரியாக இருக்கும். யாளி கொஞ்சம் கஷ்டம், முதல் முறைக்குப் பூவே வைத்துக்கொள்ளுங்கள்.